பஃபே மேசை எங்கும் ஓடிப்போகாது: முதல்முறை விடுமுறைக்குப் போகிறவர்களுக்கு ஒரு சாப்பாட்டு வழிகாட்டி

மூன்று வேளைச் சாப்பாடும் அறை வாடகையோடு சேர்ந்தே வருகிற விடுதி ஒன்றில் முதல்முறை தங்கியபோது, இரண்டாம் நாள் நள்ளிரவுக்கு மேல் நெஞ்சு எரிச்சலோடு எழுந்து உட்கார்ந்தேன். இரவு என்னென்ன சாப்பிட்டோம் என்று வரிசையாக யோசித்துப் பார்த்தேன். தட்டை மூன்று முறை நிரப்பியது தெளிவாக ஞாபகம் இருந்தது. எது எப்படி ருசித்தது என்பது மட்டும் பாதிக்கு மேல் நினைவுக்கு வரவில்லை. அவ்வளவு நல்ல சமையல், அதைச் செய்தவர்களின் உழைப்பு, அதற்காக நான் மாதக்கணக்கில் சேர்த்த பணம் எல்லாம் சுவடில்லாமல் போய்விட்டதே என்று வருத்தமாக இருந்தது.

அதிலிருந்து ஒவ்வொரு பயணத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டதையும், ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்தவற்றில் எனக்கு உதவியதையும் இங்கே தருகிறேன். இப்படி ஒரு விடுமுறைக்கு முதல்முறையாகக் கிளம்புகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். எடை குறைக்கும் திட்டம் எதுவும் இதில் கிடையாது. நன்றாகச் சாப்பிட வேண்டும், சாப்பிட்டது ஞாபகம் இருக்க வேண்டும், மறுநாள் காலை உடம்பு லேசாக இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

படிகளுக்கு முன்னால் ஒரு விஷயம்

நிரம்பி வழிகிற மேசையைப் பார்த்ததும் நமக்குள் எழுவது பசி என்றுதான் நினைக்கிறோம். என் அனுபவத்தில் அது பெரும்பாலும் பயம். இப்போது எடுக்காவிட்டால் தீர்ந்துவிடும், இனி எப்போது கிடைக்குமோ என்கிற பயம். அதற்கு நியாயமான காரணமும் உண்டு. மனித வரலாற்றின் பெரும்பகுதியில் அடுத்த வேளைச் சாப்பாடு நிச்சயம் என்ற நிலையே இருந்ததில்லை. கிடைக்கிறபோது சாப்பிட்டுச் சேர்த்து வைத்துக்கொள்கிற உடம்புதான் நமக்கு வாய்த்திருக்கிறது. போதாததற்கு, பல குடும்பங்களில் பஞ்சத்தையோ வறுமையையோ நேரில் பார்த்த பெரியவர்கள் இருந்திருப்பார்கள். தட்டில் ஒரு பருக்கைகூட மிச்சம் வைக்கக்கூடாது என்று அவர்கள் சொல்லி வளர்த்தது அக்கறையினால்தான். சாப்பாடு அளவாக இருந்த வீட்டில் அந்த விதி சரியாக வேலை செய்தது. அளவே இல்லாத மேசைக்கு முன்னால் அதே விதியோடு போய் நின்றால் திண்டாட்டம்தான்.

எல்லாம் அடக்கம் என்கிற விடுமுறை முறைகூடப் பற்றாக்குறைக் காலத்துக்கு மிக அருகில் பிறந்ததுதான். 1950-இல் ழெரார் பிளிட்ஸ் என்ற பெல்ஜியக்காரர் மயோர்க்கா தீவில் கூடாரங்கள் அடித்து கிளப் மெட் முகாமைத் தொடங்கினார். ஒரே கட்டணத்தில் தங்க இடம், சாப்பாடு, விளையாட்டு. உலகப் போர் முடிந்து ஐந்து வருடம்தான் ஆகியிருந்தது. பிரிட்டனில் உணவுப் பங்கீடு முழுவதுமாக நீங்கியதே 1954-இல்தான். பல வருடம் அளந்து அளந்து சாப்பிட்டவர்களுக்கு, வேண்டுமட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்ற அனுமதி எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அந்த மனநிலை இன்னும் நம்மைவிட்டுப் போகவில்லை.

அதனால் கீழே வருகிற படிகள் எல்லாமே ஒரு வேலையைத்தான் செய்யப் பார்க்கின்றன. அடுத்த வேளையும் சாப்பாடு வரும் என்று உடம்பை நம்ப வைப்பது.

படி 1: கிளம்புவதற்கு முன் பட்டினி கிடக்காதீர்கள்

புதிதாகப் போகிறவர்கள் செய்யும் முதல் தவறு இது. அங்கே போய்ச் சேர்த்துச் சாப்பிடத்தானே போகிறோம் என்று ஒரு வாரம், பத்து நாள் வயிற்றைக் கட்டுவார்கள். காய்ந்த மாடு கம்பில் விழுந்த கதை என்று சும்மா சொல்லவில்லை. வயிற்றைக் கட்டியவருக்குப் பசி மட்டுமா கூடுகிறது? நினைப்பு முழுக்கச் சாப்பாடாகவே ஆகிவிடுகிறது.

இதற்கு ஒரு கனமான சான்று உண்டு. 1944 நவம்பரில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் தலைமையில் ஓர் ஆய்வு தொடங்கியது. போரில் பட்டினி கிடந்த மக்களை எப்படி மீட்டெடுப்பது என்று தெரிந்துகொள்வதற்காக 36 இளைஞர்கள் தாங்களாகவே முன்வந்து, ஆறு மாதம் அரைப் பட்டினியில் இருந்தார்கள். உடல் எடையில் ஏறத்தாழ கால் பங்கு குறைந்தது. உடம்பு மெலிந்ததைவிட மனம் மாறிய விதம்தான் என்னை உலுக்கியது. எந்நேரமும் சாப்பாட்டுப் பேச்சு, சமையல் புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு படிப்பது, தட்டை நக்குவது. ஆய்வு முடிந்து தாராளமாகச் சாப்பாடு கிடைத்த பிறகும் சிலருக்கு வயிறு நிரம்பிய உணர்வே வரவில்லை. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு இன்னும் பசிக்கிறது என்றார்கள்.

நாம் இருக்கும் ஒரு வாரக் கட்டுப்பாடு அந்த அளவுக்குப் போகாது. ஆனால் திசை அதேதான். 1975-இல் பீட்டர் ஹெர்மனும் டெபோரா மாக்கும் செய்த இன்னொரு சோதனையில், வழக்கமாக வாயைக் கட்டிச் சாப்பிடுகிறவர்களுக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்து, பிறகு ஐஸ்கிரீமை ருசி பார்க்கச் சொன்னார்கள். மில்க் ஷேக் குடித்தால் ஐஸ்கிரீம் குறைவாகத்தானே இறங்க வேண்டும்? அவர்கள் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். கட்டுப்பாடு ஒருமுறை உடைந்துவிட்டால், சரி, இன்றைக்குப் போனது போகட்டும் என்று மனம் கையை விட்டுவிடுகிறது. விடுமுறையின் முதல் இனிப்பைத் தொட்டதும் நமக்கு நடப்பது இதேதான்.

எனவே கிளம்பும் நாள்வரை வீட்டில் எப்படிச் சாப்பிடுவீர்களோ அப்படியே சாப்பிடுங்கள். ஊர் திரும்பியதும் டயட் என்றும் முன்கூட்டியே சபதம் எடுக்காதீர்கள். வரப்போகிற பட்டினியை நினைத்தே இன்றைக்குக் கூடுதலாக ஒரு கரண்டி விழும்.

நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள், நேரம் தவறி அமையும் சாப்பாட்டை எப்படிச் சமாளிப்பது என்று மருத்துவரிடம் கிளம்புவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். பஃபே முன்னால் நின்றுகொண்டு யோசிக்கிற விஷயமில்லை அது.

படி 2: பயண நாள்

பயண நாளில் சாப்பாட்டு நேரம் குலையும். கையில் ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள்: பழம், கொட்டை வகை, வீட்டில் செய்த எளிய பண்டம். தண்ணீர் குடியுங்கள். கழிவறைக்குப் போக வேண்டுமே என்று தண்ணீரைத் தவிர்ப்பவர்கள் நிறையப் பேர். மறுநாள் மலச்சிக்கலில் அதன் விலை தெரியும். முக்கியமான நோக்கம், விடுதிக்குள் காய்ந்த வயிற்றோடு நுழையாமல் இருப்பது.

படி 3: தட்டை எடுக்காமல் ஒரு சுற்று

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள், முதல் வேளை. சாப்பாட்டுக் கூடத்துக்குள் போனதும் தட்டு அடுக்கியிருக்கும் பக்கம் திரும்பாதீர்கள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மொத்த மேசைகளையும் ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். மூடியிருக்கும் பாத்திரங்களைத் திறந்து பாருங்கள். பரிமாறுகிறவர்களிடம் இது என்ன, அது எதில் செய்தது என்று கேளுங்கள். பெரும்பாலும் சந்தோஷமாகச் சொல்வார்கள். எது தினமும் வைப்பது, எது இன்றைக்கு மட்டும் செய்தது என்பதையும் கேட்டு வையுங்கள். ரொட்டியும் முட்டையும் வெட்டிய பழமும் நாளைக்கும் இருக்கும், நாளன்றைக்கும் இருக்கும் என்று தெரிந்த நொடியில் உள்ளுக்குள் ஏதோ ஒரு முடிச்சு அவிழ்வதை நீங்களே உணர்வீர்கள். எனக்கு அப்படித்தான் இருந்தது.

தட்டோடு வரிசையில் நின்றால் கண்ணில் முதலில் பட்டது தட்டில் விழும். நான்காவது பாத்திரத்துக்குப் போவதற்குள் தட்டு நிரம்பிவிடும். உண்மையிலேயே ஆசைப்பட்ட பண்டம் கடைசி மேசையில் இருக்கும். அதையும் விட மனமில்லாமல் மேலே குவிப்போம். ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தால் தேர்வு நம் கையில் இருக்கும். இரண்டு நிமிடம்தான் ஆகும்.

சுற்றி வந்ததும் உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள்: இதில் எது என் வீட்டில், என் ஊரில் கிடைக்காது? எதைச் சாப்பிட்டால் ஊருக்குப் போன பிறகும் பேசுவேன்? அதை முதலில் எடுங்கள். எங்கும் கிடைக்கிற பண்டங்கள் வயிற்றில் இடம் இருந்தால் பார்த்துக்கொள்ளலாம். பசியின் முதல் சில கவளங்கள்தான் மிக ருசியானவை. அவற்றைச் சாதாரண ரொட்டிக்குக் கொடுத்துவிடுவது எனக்கு இப்போதெல்லாம் மனசு கேட்பதில்லை.

படி 4: ஒரு தட்டில் மூன்று வகை போதும்

பஃபே நம்மை மீறவைப்பதற்கு முக்கியமான காரணம் அளவு என்று நினைப்போம். அளவைவிட வகைகளுக்குத்தான் அதில் பெரிய பங்கு. தமிழில் திகட்டல் என்று அழகான சொல் ஒன்று இருக்கிறது. ஒரே பண்டத்தைத் தொடர்ந்து சாப்பிட்டால் வயிறு நிரம்புவதற்கு முன்பே நாக்கு போதும் என்று சொல்லிவிடும். ஆனால் அந்தத் திகட்டல் அந்த ஒரு ருசிக்கு மட்டும்தான். இனிப்பு திகட்டியவுடன் காரம் வந்தால் நாக்கு மறுபடி புதிதாகத் தொடங்கும். காரம் சலித்ததும் புளிப்பு. சாப்பாடு முடிந்து இனி ஒரு வாய்கூட இறங்காது என்றவர் இனிப்பைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்காருவதும் இதனால்தான்.

பார்பரா ரோல்ஸ் குழுவினர் 1981-இல் வெளியிட்ட ஆய்வு இதை அளந்து காட்டியது. ஒரே மாதிரி சாண்ட்விச் சாப்பிட்டவர்களைவிட, நான்கு வகை உள்ளடக்கம் வைத்த சாண்ட்விச்கள் கிடைத்தவர்கள் மூன்றில் ஒரு பங்கு அதிகமாகச் சாப்பிட்டார்கள். நான்கே வகைக்கு இது. பஃபேயில் நாற்பது, ஐம்பது வகை இருக்கும். அதனால் அளவு மீறியதற்காக உங்களை நீங்களே பெருந்தீனிக்காரர் என்று திட்டிக்கொள்ள வேண்டாம். எந்த நாக்கும் அப்படித்தான் நடந்துகொள்ளும்.

செய்ய வேண்டியது எளிது. ஒரு முறைக்கு இரண்டு அல்லது மூன்று வகை. உட்கார்ந்து அதைச் சாப்பிட்டு முடியுங்கள். வேண்டும் என்றால் மறுபடி எழுந்து போகலாம், யாரும் தடுக்கப்போவதில்லை. புதுப் பண்டமாக இருந்தால் முதலில் ஒரு கரண்டி மட்டும். பிடித்தால் திரும்ப வந்து தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள். பிடிக்காததைக் குவித்துவைத்துக்கொண்டு, வீணாக்கக்கூடாதே என்று வலுக்கட்டாயமாக விழுங்கும் நிலை இதனால் வராது.

இடைவெளியும் முக்கியம். வயிறு விரிவதும், குடலில் சுரக்கும் ஹார்மோன்களும் மூளைக்குத் தகவல் சொல்லி, நிறைந்த உணர்வு தெளிவாக எழ ஏறக்குறைய 15, 20 நிமிடம் பிடிக்கும். முதல் தட்டை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு உடனே எழுந்தால், அந்தத் தகவல் வருவதற்குள் இரண்டாவது தட்டும் உள்ளே போயிருக்கும். முதல் தட்டுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் கூட வந்தவர்களோடு பேசுங்கள், தண்ணீர் குடியுங்கள், ஜன்னலுக்கு வெளியே பாருங்கள். விடுமுறைதானே, எந்த வண்டியைப் பிடிக்கப் போகிறோம்?

சூப் இருந்தால் அதிலிருந்து தொடங்குங்கள். ரோல்ஸ் தன் சக ஆய்வாளரோடு 2007-இல் செய்த ஆய்வில், மதியச் சாப்பாட்டுக்கு முன் காய்கறி சூப் குடித்தவர்கள், சூப்பையும் சேர்த்துக் கணக்கிட்டாலும், மொத்தத்தில் 20 சதவீதம் குறைந்த கலோரியே எடுத்தார்கள். சாலட்டும் இதே மாதிரி உதவும். ஆனால் பிடிக்காத சூப்பைக் கடமைக்குக் குடிக்க வேண்டாம்.

சின்னத் தட்டு எடுத்தால் குறைவாகச் சாப்பிடுவோம் என்று எங்கும் சொல்வார்கள். நானும் நீண்ட நாள் நம்பினேன். இந்தக் கருத்தைப் பெரிதாகப் பரப்பியவர் கார்னெல் பல்கலைக்கழகத்தின் பிரையன் வான்சிங்க். அவருடைய ஆய்வு முறைகளில் முறைகேடு இருந்ததாக 2018-இல் அந்தப் பல்கலைக்கழகமே அறிவித்தது. அவருடைய கட்டுரைகள் பலவும் திரும்பப் பெறப்பட்டன. தட்டின் அளவு பற்றிய மற்றவர்களின் ஆய்வுகளும் ஒரே மாதிரி முடிவு காட்டவில்லை. சின்னத் தட்டு உங்களுக்குப் பழக்கம் என்றால் வைத்துக்கொள்ளுங்கள், அதையே நம்பியிருக்காதீர்கள்.

படி 5: காசு கொடுத்தாச்சே என்ற எண்ணத்தை என்ன செய்வது

எனக்கு மிகக் கடினமாக இருந்த படி இதுதான். கட்டிய பணத்துக்கு ஈடாகச் சாப்பிட்டாக வேண்டும் என்ற எண்ணம். விலை உயர்ந்த பண்டங்களாகப் பார்த்து எடுப்பது, பசியே இல்லாத காலையில்கூடக் கட்டணத்தில் அடக்கம் என்பதற்காகப் போய் உட்காருவது எல்லாம் நான் செய்ததுதான்.

பணம் ஏற்கனவே போய்விட்டது. ஒரு தட்டு சாப்பிட்டாலும் நான்கு தட்டு சாப்பிட்டாலும் அது திரும்பி வராது. பொருளாதாரத்தில் இதை மூழ்கிய செலவு என்பார்கள். 1985-இல் ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் புளூமர் என்ற இருவர் ஒரு பருவத்தில் நடக்கும் நாடகங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து முன்கூட்டியே சீட்டு வாங்கியவர்களைக் கவனித்தார்கள். முழு விலை கொடுத்தவர்கள், தள்ளுபடியில் வாங்கியவர்களைவிட அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். நாடகம் ஒன்றுதான், நாற்காலியும் ஒன்றுதான். கொடுத்த பணம் மட்டும் அவர்களைத் துரத்தியது. நாடகத்துக்கு இரண்டு முறை கூடுதலாகப் போனால் கெடுதல் ஒன்றும் இல்லை. இரண்டு தட்டு கூடுதலாக உள்ளே போனால் அந்த ராத்திரி முழுக்க அதன் பாரத்தைச் சுமக்க வேண்டியது நம் வயிறு.

எனக்குக் கைகொடுத்தது கணக்கை மாற்றிப் போட்டதுதான். நான் பணம் கொடுத்தது இத்தனை கிலோ உணவுக்கு என்று நினைப்பதை விட்டேன். சமைக்க வேண்டாம், பாத்திரம் கழுவ வேண்டாம், நாளைக்கு என்ன செய்வது என்று யோசிக்க வேண்டாம், விரும்பியதை விரும்பிய நேரத்தில் தேர்ந்தெடுக்கலாம் என்ற சுதந்திரத்துக்குத்தான் கொடுத்தேன். வருடம் முழுவதும் வீட்டில் அடுப்பை விட்டு நகராதவர்களுக்கு இதன் மதிப்பு உடனே புரியும். அந்தச் சுதந்திரத்தில், ஒரு வேளை வேண்டாம் என்று சொல்வதும் அடக்கம்.

தட்டில் மிஞ்சினால்?

வீணாக்கக்கூடாது என்ற உணர்வை நான் மனதார மதிக்கிறேன். ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-இல் மட்டும் உலகில் 105 கோடி டன் உணவு வீணானது. அதில் ஏறக்குறைய 29 கோடி டன் உணவகம், விடுதி, கேன்டீன் போன்ற இடங்களில் போனது. இந்த எண்ணைப் படித்துவிட்டுத் தட்டில் மிச்சம் வைப்பது யாருக்கும் வலிக்கும்.

ஆனால் வீணாவதைத் தடுக்க வேண்டிய இடம் கரண்டி பிடிக்கும் இடம். தட்டில் விழுந்த பிறகு வழி குறைவு. வயிறு போதும் என்று சொன்ன பிறகு உள்ளே தள்ளுகிற உணவும் வீண்தான். அது யார் பசியையும் ஆற்றப்போவதில்லை. குறைவாக எடுத்து, மறுபடி எழுந்து போகிற பழக்கம் வந்துவிட்டால் இரண்டு சங்கடமும் சேர்ந்தே தீரும். அப்படியும் ஒரு நாள் மிஞ்சிவிட்டால் தட்டை அப்படியே விடுங்கள். அடுத்த வேளை இன்னும் கொஞ்சம் குறைத்து எடுங்கள்.

படி 6: நாளுக்கு ஓர் ஒழுங்கு

வீட்டில் நமக்கே தெரியாமல் நம்மைத் தாங்கிப் பிடிப்பது நேரம். விடுமுறையில் அது கழன்றுவிடும். நாள் முழுக்கத் திறந்திருக்கும் சிற்றுண்டி மேசை, நீச்சல் குளத்துப் பக்கத்தில் ஜூஸ், அறையில் வைத்திருக்கும் பொட்டலங்கள் என்று வாய் ஓயாமல் அசைந்துகொண்டிருக்கும். நாலு நாள் இப்படிப் போனால் பசி என்றால் எப்படி இருக்கும் என்பதே மறந்துவிடும். பசியே வராதபோது எந்தச் சாப்பாடு ருசிக்கும்?

காலைச் சாப்பாடு எத்தனை மணிக்கு, இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்று இரண்டு நேரங்களை மட்டும் தோராயமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். நடுவில் உள்ளது எப்படியும் அமையட்டும். வேளைக்கு வேளை மூன்று, நான்கு மணி நேரமாவது இடைவெளி விட்டு, வயிறு லேசாகக் கேட்கத் தொடங்கியதும் போய் உட்காருங்கள். காலையில் முட்டை, தயிர், பருப்பு மாதிரி புரதம் உள்ள ஏதாவது ஒன்றைச் சேர்த்துக்கொண்டால் வயிறு நெடுநேரம் தாங்கும். தினமும் ஒரு வேளையாவது காயும் பழமும் நிறைய இருக்கட்டும். பயணத்தில் குடல் முரண்டு பிடிப்பதற்கு அதைவிட எளிய வைத்தியம் இல்லை.

குடிக்கிறதைக் கவனியுங்கள். ஜூஸும் குளிர்பானமும் வயிற்றுக்குக் கணக்குக் காட்டாமல் உள்ளே போகும். மது குடிக்கிறவர்களுக்கு இன்னும் அதிகம், குடித்த பிறகு சாப்பாட்டில் அளவும் தெரியாது. தாகத்துக்குத் தண்ணீர், ருசிக்கு மற்றது என்று பிரித்துவைத்தால் நல்லது.

சாப்பிட்டு எழுந்ததும் ஒரு பத்து, பதினைந்து நிமிடம் காலாற நடங்கள். வேகம் வேண்டாம். இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே இரண்டு, மூன்று மணி நேரம் இருந்தால் நான் பட்ட நெஞ்சு எரிச்சல் உங்களுக்கு வரும் வாய்ப்பு குறையும்.

படி 7: வயிற்றுக்குப் பாதுகாப்பு

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சூடாக இருக்க வேண்டியது ஆவி பறக்கச் சூடாக இருக்க வேண்டும், குளிர்ந்து இருக்க வேண்டியது நன்றாகக் குளிர்ந்து இருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை 60 டிகிரி செல்சியசுக்கு மேல் அல்லது 5 டிகிரிக்குக் கீழே. சமைத்த உணவு அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது. வெதுவெதுப்பாக இருக்கும் இறைச்சி, மீன், முட்டை, பால் சேர்த்த பண்டங்களைத் தயங்காமல் தவிர்த்துவிடுங்கள். உணவு வைத்த உடனேயே போனால் எல்லாம் புதிதாக இருக்கும். பரிமாறும் கரண்டியை நூறு பேர் தொட்டிருப்பார்கள், ஆகவே எடுத்து முடித்ததும் கையைக் கழுவிவிட்டுச் சாப்பிட உட்காருங்கள். உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இரண்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒவ்வாமை உள்ளவர்கள் பெயர்ப் பலகையை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு பாத்திரத்துக் கரண்டி இன்னொன்றுக்குள் போவது பஃபேயில் சகஜம். சமையல்காரரிடம் நேரடியாகச் சொல்லுங்கள். தனியாகச் செய்து தரச் சொல்லிக் கேட்பதில் கூச்சம் தேவையில்லை.

படி 8: கூட வருகிறவர்கள்

நீங்கள் நிறுத்தினாலும் பக்கத்தில் இருப்பவர் விடமாட்டார். இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள், இதை ருசி பார்க்காமல் எப்படி என்று தன் தட்டிலிருந்தே எடுத்து வைப்பார். அதில் அன்புதான் இருக்கிறது, கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை. நன்றாக இருக்கிறது, நாளைக்கு நானே போய் எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். அதைவிட நல்ல வழி பகிர்ந்து சாப்பிடுவது. ஆளுக்கு ஓர் இனிப்பு எடுத்துவந்து மேசை நடுவில் வைத்து எல்லோரும் ஒரு கரண்டி எடுத்தால், நான்கு இனிப்பின் ருசியும் தெரியும், ஒன்றும் மிஞ்சாது.

யார் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்று பேசுவதை விடுமுறையில் நிறுத்திவையுங்கள். இரண்டாவது தடவையா என்ற ஒரு கேள்வி போதும், ஒருவருக்குச் சாப்பாடே கசந்துபோகும்.

குழந்தைகள் முதல் இரண்டு நாள் ஐஸ்கிரீம் பக்கமே நிற்பார்கள். எலின் சாட்டர் என்ற உணவியல் வல்லுநர் சொன்ன ஒரு பங்கீடு எனக்கு மிகவும் பிடிக்கும். என்ன, எப்போது, எங்கே என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்யட்டும். சாப்பிடுவதா, எவ்வளவு என்பதைக் குழந்தை முடிவு செய்யட்டும். இனிப்பு தினமும் உண்டு, மதியச் சாப்பாட்டோடு உண்டு என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். தட்டைக் காலி செய்தால்தான் ஐஸ்கிரீம் என்று பேரம் பேசாதீர்கள். போதும் என்று வயிறு சொல்வதைக் குழந்தைகள் நம்மைவிட நன்றாகக் கேட்பார்கள். அதை நாமே மறக்கடித்துவிடக் கூடாது.

சிலருக்கு உணவோடு உள்ள உறவு ஏற்கனவே வலி நிறைந்ததாக இருக்கலாம். ஒளித்துச் சாப்பிடுவது, சாப்பிட்டதும் வாந்தி எடுப்பது, சாப்பாட்டு மேசையைக் கண்டாலே நடுங்குவது போன்றவை இருந்தால், இந்த வழிகாட்டி அதற்குப் போதாது. அது மன உறுதிக் குறைவு கிடையாது, சிகிச்சை உள்ள ஒரு நோய். மருத்துவரிடமோ மனநல ஆலோசகரிடமோ பேசுங்கள். உங்கள் கூட வருகிறவர் இப்படித் தவிப்பது தெரிந்தால், அவரை பஃபே இல்லாத ஒரு சின்ன உணவகத்துக்குக் கூட்டிப்போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். பெரிய உதவி அது.

படி 9: திரும்பி வந்த பிறகு

வந்த மறுநாளே எடை பார்க்கும் கருவியில் ஏறாதீர்கள். ஏறினால் இரண்டு கிலோ கூடிவிட்டது என்று பதறுவீர்கள். உடம்பு மாவுச்சத்தைக் கிளைக்கோஜனாகச் சேமிக்கும்போது ஒவ்வொரு கிராமுக்கும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைக் கூடவே பிடித்துவைக்கும். உணவக உப்பும் தன் பங்குக்குத் தண்ணீரைத் தேக்கும். ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறத்தாழ 7,700 கலோரி உபரி வேண்டும். ஐந்து நாளில் இரண்டு கிலோ கொழுப்பு ஏற வேண்டுமானால் தினமும் தேவைக்கு மேல் 3,000 கலோரிக்குப் பக்கம் சாப்பிட்டிருக்க வேண்டும். பெரும்பாலும் நீங்கள் பார்ப்பது தண்ணீர். ஒரு வாரம் பொறுங்கள்.

அதற்காக ஒன்றுமே ஏறாது என்றும் சொல்ல முடியாது. 2016-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஒன்று முதல் மூன்று வாரம்வரை விடுமுறைக்குப் போய்வந்த 122 பேருக்குச் சராசரியாக 300 கிராம் சொச்சம் கூடியிருந்தது. ஆறு வாரம் கழித்துப் பார்த்தபோதும் அது இறங்கவில்லை. சின்ன அளவுதான். ஆனால் வருடா வருடம் சேர்ந்துகொண்டே போனால் சின்னது என்று சொல்ல முடியாது. இதற்குப் பட்டினி மருந்தில்லை, மறுபடி படி 1-இல் பார்த்த சுழலில்தான் கொண்டுபோய் விடும். வழக்கமான வீட்டுச் சாப்பாட்டுக்கும் வழக்கமான நடைக்கும் எவ்வளவு சீக்கிரம் திரும்புகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அந்தத் திரும்புதலுக்கு ஒரு முன்னேற்பாடு செய்துவைக்கலாம். ஊர் வந்து சேரும் ராத்திரி, காலியான ஃபிரிட்ஜும் களைத்த உடம்புமாக நிற்போம். வெளியிலிருந்து வரவழைத்துக் கனமாகச் சாப்பிட்டுவிட்டுப் படுப்போம், மறுநாளும் அதுவே தொடரும். அதனால் கிளம்புவதற்கு முந்தைய நாளே, திரும்பி வரும் இரவுக்காக எளிதாகச் சூடாக்கிச் சாப்பிடக்கூடிய ஒரு வேளைச் சாப்பாட்டைச் சமைத்து ஃபிரீசரில் வைத்துவிடுங்கள். டப்பாவின் மேல் தேதி எழுதி ஒட்டுங்கள். மறுநாள் காலைக்கு வாங்க வேண்டிய பால், காய் பட்டியலையும் அதோடு சேர்த்தே ஒட்டிவிட்டுப் பெட்டியைத் தூக்குங்கள்.